கடலில் விழாத கயிறு

"இது ரத்தம் மேடம்," என்றான் ஜெரால்ட். "சத்தியமா ரத்தம். எனக்கு லேசா தலை சுத்துது. நான் விழுந்தா கடல் பக்கமா விழாம பார்த்துக்குங்க. புதுச் சட்டை."

உமா மகேஸ்வரி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. போர்ட் பிளேர் கடலோரத்தில், மின்னி பே குடியிருப்பின் கடைசித் தெருவில், கிளாரா வீட்டு இரும்பு கேட்டின் முன்னால் குனிந்து நின்றிருந்தாள். காலை ஒன்பது மணி வெயிலே முதுகைச் சுட்டது. கேட்டின் நடுக் கம்பியில் ஒரு முழ நீளத்துக்கு நீல நைலான் கயிறு தொங்கியது. நடுவில் மூன்று சுற்று சுற்றி இறுக்கிய முடிச்சு. முடிச்சின் ஓரத்தில் மிளகு அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

போர்ட் பிளேரில் நாற்பது வயதைத் தாண்டிய யாருக்கும் அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சுனாமிக்குப் பிறகு ஊரைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தபோது, மணலும் ஜல்லியும் யார் கையில் இருந்தனவோ அவர் கையில்தான் ஊர் இருந்தது. அந்தக் கை ஒச்சம்மாவுடையது. ஜெட்டி வாசலில் இட்லி விற்றுக்கொண்டிருந்த பெண், மூன்றே வருடத்தில் முப்பது லாரிக்குச் சொந்தக்காரி. அவளிடம் மணல் வாங்க மாட்டேன் என்று சொன்னவன் வீட்டு வாசலில், விடிந்தால் இந்த நீலக் கயிறு தொங்கும். மூன்று சுற்று என்றால் மூன்று நாள். அதற்குள் வழிக்கு வரவில்லை என்றால் முதலில் லாரி எரியும், அப்புறம் படகு முங்கும், அப்புறம் ஆள் முங்குவான்.

எட்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு இன்ஸ்பெக்டர் குழந்தைவேலு ஒரே வாரத்தில் பதினேழு பேரை அள்ளிக்கொண்டு போனார். ஒச்சம்மா மெயின்லேண்ட் ஜெயிலில் நோய் கண்டு செத்தாள். கும்பலில் மிச்சமிருந்தவர்கள் இன்று டூரிஸ்டுகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுப் பிழைக்கிறார்கள். ஊர் மறந்துவிட்டது.

உமா மறக்கவில்லை. அவள் கணவன் நந்தகுமார் சின்ன பில்டிங் காண்ட்ராக்டர். ஒச்சம்மாவின் மணல் வேண்டாம், கல்குவாரித் தூள் போதும் என்று சொன்னவன். அவர்களுடைய ஷாதிபூர் வீட்டில் கயிறு தொங்கியபோது உமா சென்னையிலிருந்து வரும் கப்பலில் இருந்தாள். மூன்று நாள் கடல். அவள் கரையில் கால் வைத்தபோது நந்தகுமார் பிணவறையில் இருந்தான்.

"அக்கா, ரெண்டு நாளா இதை யாரும் தொடல," என்றாள் கிளாரா. மீன் ஏலத்தில் கத்திக் கத்தி உரமேறிய குரல், இன்று தணிந்திருந்தது. "குப்பை வண்டிக்காரன்கூட நாலு வீடு தள்ளி நின்னு விசில் அடிச்சிட்டுப் போயிட்டான். இந்த வரிசையில பதினாலு வீடு. பத்து வீட்டுல மூட்டை கட்டறாங்க. உள்ள பாருங்க, என் வீட்டுக்காரரு கட்டிலைக் கழட்டிட்டு இருக்காரு."

உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது.

"அல்போன்ஸ் அண்ணே," ஜெரால்ட் குரல் கொடுத்தான், "கட்டிலை இருக்க விடுங்க. ராத்திரி எதுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவீங்க?"

சுத்தியல் நின்றது.

"உங்களை வீட்டை விட்டுப் போகச் சொல்லி இதுக்கு முன்னாடி யாராவது கேட்டாங்களா கிளாரா?" என்றாள் உமா.

"கேட்டாங்களே! ரிசார்ட் வருதாம். மெயின்லேண்ட் பார்ட்டி. பதினாலு வீட்டையும் மொத்தமா கேக்குறான். நான்தான் முதல்ல முடியாதுன்னேன். நான் சொல்லவும் மத்தவங்களும் சொன்னாங்க. மறு வாரம் என் கேட்டுல இது."

உமாவின் பல் நறநறத்தது. செத்துப்போன ஒருத்தியின் பெயரைச் சொல்லி இன்னும் ஆளை மிரட்டுகிறார்கள் என்றால், அவள் ஜெயிலில் செத்து என்ன பிரயோஜனம்?

"ஜெரால்ட், கிட்ட வா. உங்க அப்பா தூத்துக்குடியில படகு கட்டினவர்தானே? முடிச்சைப் பாரு."

ஜெரால்ட் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு குனிந்தான். பதினைந்து வருடம் டாக்ஸி ஓட்டிவிட்டு, எட்டு வருடமாக உமாவின் துப்பறியும் ஆபீசில் டிரைவராகவும் உதவியாளாகவும் இருப்பவன். வாய் மட்டும் தனியாகச் சம்பளம் கேட்கும் அளவுக்கு வேலை செய்யும். ஆனால் கண் அதைவிட நன்றாக வேலை செய்யும். மூக்கிலிருந்து கையை எடுத்தான்.

"மேடம், இது கட்டினது இல்ல. மாட்டினது."

"சொல்லு."

"பின்னாடி பாருங்க, மெல்லிசா செப்புக் கம்பி. கயிறு கேட்டைத் தொடவே இல்ல. இந்த முடிச்சு போடத் தெரிஞ்சவன் கேட்டுக் கம்பியைச் சேர்த்துச் சுத்தித்தான் போடுவான். இந்த ஆளு எங்கிருந்தோ போட்ட முடிச்சைக் கொண்டுவந்து கம்பியால தொங்கவிட்டிருக்கான். பட்டன் வெச்ச ரெடிமேட் வேட்டி மாதிரி. கட்டத் தெரியாதவன் வேலை."

"பக்காவா சொன்னே." உமா நகத்தால் அந்தச் சிவப்பைச் சுரண்டினாள். ஒரு துணுக்கு உடைந்து உள்ளங்கையில் விழுந்தது. "கிளாரா, ஒரு கரண்டி கொடு. ஜெரால்ட், லைட்டர்."

"சிகரெட்டை விட்டுட்டேன் மேடம்."

"லைட்டர்."

பாக்கெட்டிலிருந்து லைட்டர் வந்தது. கரண்டிக்கு அடியில் தீ பட்டதும் அந்தத் துணுக்கு பளபளத்தது, இளகியது, சிவப்புச் சொட்டாகி ஓடியது. பழைய தபால் ஆபீஸ் கவுண்டரில் வரும் வாசனை மெல்ல எழுந்தது.

"ரத்தம் காய்ஞ்சா உதிரும். உருகாது," என்றாள் உமா. "இது அரக்கு. கேஸ்ல பிடிச்ச பொருளுக்கு லேபிள் கட்டி, நூல் மேல அரக்கு ஊத்தி சீல் வைப்பாங்க. லேபிளைப் பிச்சவன் இந்தத் துணுக்கை விட்டுட்டான்."

"இல்லேன்னா ரத்தம் மாதிரி அம்சமா இருக்கேன்னு வேணும்னே விட்டிருப்பான்."

"அப்போ இது ஒச்சம்மா கேஸ்ல பிடிச்ச அசல் கயிறு."

கிளாரா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

அசல் கயிறு எப்படி வெளியே வரும் என்று கேட்க உமாவுக்கு ஒரே ஆள்தான் இருந்தார். கேட்டை விட்டுத் தள்ளிப் போய் குழந்தைவேலுவுக்கு போன் போட்டாள். ரிட்டயர் ஆகி ஆறு வருடம் ஆகியும், கோயில் விழாவுக்கும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் அவர்தான் முதல் மாலை. அன்றைக்குக் கப்பலிலிருந்து இறங்கியவளை ஜெட்டியில் நின்று கூட்டிக்கொண்டு போனவர். நந்தகுமாரின் நினைவு நாளில் வருடம் தவறாமல் பூவோடு வாசலில் வந்து நிற்பவர்.

"அண்ணே, மின்னி பேயில தொங்கற கயிறைப் பார்த்தேன். பழசு மாதிரி இருக்கு."

"பழசுக்கு வழியே இல்ல தங்கச்சி. பத்துக் கயிறு கோர்ட்டுல கொடுத்தோம். கேஸ் முடிஞ்சதும் பத்தையும் என் கண்ணு முன்னாடிதான் எரிச்சாங்க. உன் வீட்டுக் கயிறு ஒண்ணுதான் கணக்குல வரல. அதுதான் டிங்கிப் படகுல கொண்டு வர்றப்போ பையோட கடல்ல விழுந்துபோச்சே. அந்த வருத்தம் எனக்கு இன்னிக்கும் இருக்கு." ஒரு பெருமூச்சு கேட்டது. "பாலகுமார்னு ஒருத்தன். கும்பல்ல முடிச்சு போடறவன் அவன்தான். விடுதலையாகி புரோத்ராபூர்ல காய்கறி போட்டுட்டு இருக்கான். அவனைப் பிடி. நாலு மணிக்கு மின்னி பே வலைக் கொட்டகையில ஜனங்களைக் கூப்பிட்டிருக்கேன். பாவம், பயந்து கிடக்குறாங்க. நீயும் வா."

அரக்கு விஷயத்தை அவள் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

உமா கயிற்றைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டாள். தெருவில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து தலைகள் சட்டென்று உள்ளே போயின.

புரோத்ராபூர் போகும் வழியெல்லாம் அவள் அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தாள். ஜெரால்டின் ஆம்னி வேன் மேட்டில் இருமிக்கொண்டு ஏறியது.

"மேடம், அந்தாளைப் பார்த்ததும் முதல்ல நான் பேசறேன். நீங்க பேசினா அவன் காய்கறிக் கூடையில அவனையே அள்ளிட்டு வர வேண்டியிருக்கும்."

"வண்டியை ஓட்டு."

பாலகுமார் புடலைப் பந்தலுக்கு அடியில் இருந்தான். ஐம்பது வயது இருக்கும். கன்னம் ஒட்டி, தலை முழுக்க நரைத்திருந்தது. ஜெரால்ட் இரண்டு வார்த்தை இந்தியில் பேசி, அவன் தமிழ் என்று தெரிந்து மாற்றிக்கொண்டான். "உமா மகேஸ்வரி மேடம். ஷாதிபூர்ல துப்பறியும் ஆபீஸ். நான் அந்த ஆபீசோட மொத்த ஸ்டாஃப்."

உமா பையைத் திறந்து கயிற்றை அவன் மார்பில் வீசினாள். அவன் அதைப் பிடிக்கவில்லை. காலடியில் விழுந்ததையே பார்த்தான். பிறகு குந்தி உட்கார்ந்து கையில் எடுத்தான். முடிச்சைக் கட்டைவிரலால் தடவினான்.

"என் முடிச்சுதான்."

"ஒத்துக்கிட்டான் மேடம். பெட்ரோல் மிச்சம்."

"என் முடிச்சுதான், ஆனா இப்போ போட்டது இல்லீங்க," என்றான் பாலகுமார். "இந்தச் சுருக்கம் பாருங்க, வருஷக்கணக்கா இறுகிக் கிடந்தது. இப்போ அவிழ்த்தாலும் அவிழாது. அப்புறம் இது." கயிற்றைப் பிரித்துக் காட்டினான். நீல இழைகளுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளை இழை ஓடியது. "எங்க கயிறு எல்லாம் முழு நீலம். ஒரே சுருள்லேருந்து வெட்டினது. கடைசியில அந்தச் சுருள் தீர்ந்துபோச்சு. துறைமுகத்துல கிடந்த கப்பல் கயிறு ஒண்ணை எடுத்து வெட்டினேன். அதுலதான் வெள்ளை இழை. அதை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் கட்டினேன்."

"எந்த வீடு?"

"ஷாதிபூர். பச்சை கேட். ஒரு காண்ட்ராக்டர் வீடு. வாசல்ல..."

உமாவின் கை அவன் கன்னத்தில் பளாரென்று இறங்கியது. புடலைப் பந்தலிலிருந்து ஒரு குருவி பறந்தது. பாலகுமார் கையைத் தூக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அப்போதுதான் அவனுக்கு அவள் யார் என்று புரிந்திருக்க வேண்டும்.

ஜெரால்ட் வாயைத் திறந்தான். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டான். எட்டு வருடத்தில் இது முதல் தடவை.

பச்சை கேட். அந்த கேட்டுக்கு நந்தகுமாரே பெயிண்ட் அடித்தான். அவள் கப்பலேறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அதில் தொங்கிய கயிற்றை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். அந்தக் கயிறு இருந்திருந்தால் கொலைக் கேஸ். இல்லாததால், கால் வழுக்கிக் கடலில் விழுந்து இறந்தான் என்று எழுதி மூடிவிட்டார்கள். கடலில் போனது போனதுதான் என்று நம்பி, கொண்டுவந்த மனிதர் பதறியதைப் பார்த்து, 'பரவாயில்லை அண்ணே' என்று அவருக்கே ஆறுதல் சொன்னவள் அவள்.

கடலில் போன கயிறு கையில் இருந்தது. அதன்மேல் அரக்கு இருந்தது. சீல் வைத்து, லேபிள் கட்டி, கோர்ட்டுக்கு மட்டும் போகாத கயிறு.

"கொடுத்ததையெல்லாம் கோர்ட் எரிச்சுடுச்சு," என்றாள் உமா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "கொடுக்காம வெச்சுக்கிட்டதுதான் மிச்சம். ஜெரால்ட், இந்தக் கயிறு யாரு கையைத் தாண்டி வெளிய போகவே இல்ல?"

ஜெரால்ட் கயிற்றிலிருந்து கண்ணை எடுத்தான். "மேடம்... அவரு வருஷா வருஷம் பூ கொண்டுவருவாரே."

"ஆமா. பூ கொண்டுவருவார்." அவள் பாலகுமார் பக்கம் திரும்பினாள். "உனக்கு இன்னும் ஏதோ தெரியும். மூஞ்சியிலயே இருக்கு."

"தெரியும். அவரு இல்லாத இடத்துல சொன்னா யாரும் நம்ப மாட்டீங்க. ஒன்பது வருஷம் உள்ள இருந்தப்போ சொல்லிப் பார்த்தேன், சிரிச்சாங்க. அவரு மூஞ்சியைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"சொன்னா நீயும் திரும்ப உள்ள போவே."

"தெரியும் அக்கா."

"என்னை அக்கான்னு கூப்பிடாதே. உன்னை மன்னிக்க நான் வரல. என் உயிர் இருக்கிற வரைக்கும் மன்னிக்கப் போறதும் இல்ல. வண்டியில ஏறு."

அவன் புடலங்காய்க் கூடையை நிழலுக்குத் தள்ளிவிட்டு, குழாயில் கை கழுவிக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறினான். உமா பின்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தால் அவன் கழுத்தை நெரித்துவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. வழியில் வீட்டில் நிறுத்தி ஒரு பழைய பைலை எடுத்துக்கொண்டாள். பிறகு சப்-இன்ஸ்பெக்டர் சௌமியாவுக்கு போன் போட்டாள். போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்து ஆறே மாதமான பெண். யாருடைய மாலையும் வாங்காதவள்.

"யூனிஃபார்ம் வேண்டாம் மேடம். பெண்களோட பெண்ணா வந்து உட்காருங்க. பேச வேண்டியதை அவங்களே பேசுவாங்க."

நாலு மணிக்கு வலைக் கொட்டகை நிரம்பி வழிந்தது. கிழிந்த வலைகளை ஓரமாகச் சுருட்டிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் வெள்ளைச் சட்டையில் குழந்தைவேலு. அறுபத்தாறு வயதிலும் நிமிர்ந்த முதுகு.

"ஒரு தடவை இந்தக் கும்பலை இந்தக் கையால நசுக்கினேன்," என்று பேசிக்கொண்டிருந்தார். "இப்போ எனக்கு அதிகாரம் இல்ல. வயசாச்சு. ஒச்சம்மா ஆளுங்க திரும்பி வந்துட்டாங்கன்னா, உங்க பிள்ளைங்களை நான் எப்படிக் காப்பாத்துவேன்? வீம்பு வேண்டாம். ரிசார்ட்காரன் நல்ல மனுஷன், நான் பேசியிருக்கேன். புரோத்ராபூர் பக்கம் இடம் பார்த்துக்கலாம். உயிர் முக்கியம் இல்லையா?"

தலைகள் ஆடின. அல்போன்ஸின் தலையும் ஆடியது. உமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"வா தங்கச்சி. அவனைப் பிடிச்சியா?"

"பிடிச்சேன் அண்ணே. அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். நீங்கதான் தீர்க்கணும்." கயிற்றை அவர் மடியில் வைத்தாள். "சில பேர் இது போலின்னு சொல்றாங்க. யாரோ விளையாட்டுக்குத் தொங்கவிட்டதாம். அப்படின்னா பயப்பட வேண்டியதே இல்லையே?"

கொட்டகையில் ஒரு சலசலப்பு எழுந்தது. பெண்கள் பக்கம் ஒரு நம்பிக்கை ஓடியது. குழந்தைவேலு அதைக் கவனித்தார். கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

"யார் சொன்னது போலின்னு? ஊர்ல இந்தக் கயிறைக் கையால தொட்டவன் நான் ஒருத்தன்தான். இது அசல். இதோ, நீலத்துக்குள்ள வெள்ளை இழை ஓடுது பாருங்க. கடையில கிடைக்காது. இது ஒச்சம்மா கயிறு."

"உறுதியா அண்ணே?"

"எந்த கோர்ட்டுல வேணும்னாலும் சொல்வேன்."

"நல்லது." உமா பைலைத் திறந்தாள். "இது ஒச்சம்மா கேஸ் தீர்ப்பு நகல். நீங்க ஆஜர்படுத்தின பத்துக் கயிறோட விவரம் இருக்கு. பத்தும் முழு நீலம், வேற நிற இழை இல்லைன்னு எழுதியிருக்கு. கீழே உங்க கையெழுத்து. அப்போ வெள்ளை இழையை நீங்க எங்க பார்த்தீங்க?"

குழந்தைவேலு சிரிக்க முயன்றார். "வயசாச்சு. ஞாபகம்..."

"வெள்ளை இழை ஒரே ஒரு கயிறுலதான் இருந்துச்சு. அது என் வீட்டுல தொங்கினது. கடல்ல விழுந்துடுச்சுன்னு நீங்க எனக்குச் சொன்னது. இது அசல்னா அது எப்படிக் கரைக்கு நீந்தி வந்துச்சு?"

"நல்ல நீச்சல்காரக் கயிறு," என்றான் ஜெரால்ட் பின்னாலிருந்து. "அரக்கு சீலோட நீந்தியிருக்கு." யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

குழந்தைவேலு கயிற்றைக் கீழே வைத்தார். "சரி. அப்போ எனக்குத்தான் தப்பு. இது போலிதான். யாரோ அதே மாதிரி செஞ்சிருக்கான்."

"போலியா?" கிளாரா எழுந்து நின்றாள். ஏலக் குரல் திரும்பி வந்திருந்தது. "போலின்னா நாங்க எதுக்குய்யா வீட்டை விக்கணும்? இப்போதானே அசல்னு சத்தியம் பண்ணீங்க? எங்களை விரட்டறதுக்கு அசல், உங்களைக் கேட்டா போலியா?"

அவர் வாய் திறந்தது. அசல் என்று சொன்னால் கயிறு அவரிடம் இருந்தது. போலி என்று சொன்னால் பதினாலு வீடும் கைவிட்டுப் போகும். அறுபத்தாறு வயது மனிதர் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வியர்த்தார்.

உமா வாசலைப் பார்த்துத் தலையசைத்தாள். பாலகுமார் உள்ளே வந்தான். குழந்தைவேலுவின் கை நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தது.

"இவன் ஜெயில் பறவை! இவன் பேச்சை..."

"கயிறு கட்டினவன் நான்தான்," என்றான் பாலகுமார், சத்தம் போடாமல். கேட்பதற்காகக் கொட்டகை அடங்கியது. "ஆனா எந்த வீட்டுல கட்டணும்னு ஒச்சம்மாவுக்கு யார் சொன்னது? ஊர்ல யார் முரண்டு பிடிக்கிறான்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஸ்டேஷன்லேருந்துதான் பேர் வரும். எவன் எங்க மேல புகார் கொடுக்க இவர்கிட்ட போறானோ, மறுநாள் காலையில அவன் வீட்டுக்குக் கயிறு. பதினோரு வீடு. பதினோரு பேரும் அதுக்கு முந்தின நாள் இவர் முன்னாடி உட்கார்ந்து அழுதவங்க."

பின்வரிசையில் ஒரு கிழவர் மெல்ல எழுந்தார். "நான் போனேன்," என்றார் யாரிடமோ. "டீ வாங்கிக் கொடுத்தாரு. மறுநாள் என் படகு..." முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த காண்ட்ராக்டர்?" உமா கேட்டாள். கேட்க வேண்டாம் என்று உடம்பு சொன்னது. "அவரு விஷயம் சொல்லு."

"அவருக்கு மட்டும் மூணு நாள் கொடுக்கலீங்க. கயிறைப் பார்த்ததும் நேரா ஸ்டேஷனுக்குத் திரும்பப் போனாரு. 'நேத்து உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன், இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது'ன்னு கேட்டாராம், அப்புறம் ஒச்சம்மா சொல்லிச்சு. கண்டுபிடிச்சுட்டாரு. சாயங்காலம் ஜெட்டி டீக்கடையில நான் நின்னுட்டு இருந்தேன். இன்ஸ்பெக்டர் ஜீப்புல அவரு ஏறினதைப் பார்த்தேன். ஜீப் கடற்கரைப் பக்கம் போச்சு. திரும்பறப்போ அவரு இல்ல. அதோட ஒச்சம்மாவே மிரண்டுபோச்சு, இனிமே வேண்டாம்னு சொல்லிச்சு. வேண்டாம்னு சொன்னவளை வெளிய விட்டு வைப்பாரா? அடுத்த வருஷமே எங்க எல்லாரையும் அள்ளினாரு. கொலையை அவ தலையில கட்ட வேண்டி வந்தா உதவும்னுதான் கயிறைப் பத்திரமா வெச்சிருந்தாரு. இவர்தான் எங்களை வளர்த்தாரு, இவரேதான் அறுத்தாரு."

உமாவுக்குக் காதுக்குள் கடல் இரைந்தது. கயிற்றை ஒளித்தவர் என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள். பதின்மூன்று நினைவு நாள். பதின்மூன்று தடவை அந்தக் கையிலிருந்து பூ வாங்கிப் படத்தின்மேல் போட்டிருக்கிறாள். காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

"தங்கச்சி, இவன் சொல்றதை..."

"அந்த வார்த்தையைச் சொல்லாதே!"

குரல் கொட்டகைத் தகரத்தில் மோதி அதிர்ந்தது. அவள் அவருக்கு அருகில் வந்து நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை ஒருமையில் பேசினாள். "அவரு உன்னை நம்பித்தானேடா வந்தாரு? ரெண்டாவது தடவையும் உன்கிட்டதானே வந்தாரு? போலீசுன்னு நம்பி ஜீப்புல ஏறினாரு. ஒச்சம்மாவாவது தான் யாருன்னு மறைக்கல. நீ எங்க வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து அவரு படத்தைப் பார்த்துக் கண்ணு கலங்கினவன்."

குழந்தைவேலு எழுந்தார். வாசல் பக்கம் இரண்டு அடி வைத்தார். அங்கே அல்போன்ஸ் நின்றிருந்தான். கையில் கட்டில் கழற்றிய சுத்தியல் இன்னும் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. நகரவும் இல்லை. அவனுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் வந்து நின்றார்கள். பதினோரு வீட்டில் ஒன்றைச் சேர்ந்த கிழவர், தடுமாறிக்கொண்டு, அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

"அடிச்சிடாதீங்க," என்றது ஒரு பெண் குரல். பெண்கள் நடுவிலிருந்து மஞ்சள் சுடிதாரில் சௌமியா எழுந்து வந்து அடையாள அட்டையைக் காட்டினாள். "இவர் எனக்கு முழுசா வேணும். சார், உட்காருங்க. பாலகுமார், நீங்களும்."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்றார் குழந்தைவேலு.

"இப்போதான் தெரிஞ்சுக்கிட்டேன் சார். எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டாங்க."

ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம், இங்கேயே எழுதிக்கொள்ளுங்கள் என்று உமா கேட்டாள். இத்தனை பேர் கண் முன்னால் கொடுக்கும் புகார் யார் காதுக்கும் ரகசியமாகப் போகாது. சௌமியா ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பேப்பரை வைத்தாள். கிளாரா டார்ச் வேண்டுமா என்று கேட்டாள். வெளிச்சம் இன்னும் நிறைய இருந்தது. பதினோரு வீட்டுக் கிழவர் அடுத்து என்னுடையது என்று சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஜெரால்ட் இரண்டு தடவை உமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

சௌமியா எழுதியதைப் படித்துக் காட்டினாள். "புகார்தாரர் உமா மகேஸ்வரி, ஷாதிபூர். கடலில் விழுந்து இறந்த நந்தகுமாரின் மனைவி..."

"'விழுந்து இறந்த'ன்னு இருக்கு. அடிங்க அதை," என்றாள் உமா. "'கொல்லப்பட்ட'ன்னு எழுதுங்க."

சௌமியா அடித்தாள். மேலே புது வார்த்தையை எழுதினாள். உமா அதைக் குனிந்து இரண்டு முறை படித்தாள். கண் கலங்கவில்லை. மூச்சு மட்டும் சூடாக வந்தது.

"பேனாவுல மை இருக்கா பாருங்க மேடம்," என்றாள். "பதிமூணு வருஷத்தைச் சொல்லணும்."